பிரிண்டர் மலிவு, மைதான் விலை!

காரிமங்கலம் கடைவீதியில் ஒரு பக்கம் கருப்பு வெள்ளை பிரிண்ட் எடுக்க மூன்று ரூபாய். தெரிந்தவர் என்றால் இரண்டு. கடை மூடும் நேரத்தில் மூச்சு வாங்க ஓடிப்போய் நின்றால் ஐந்து. செவ்வாய்க்கிழமையென்றால் விலை பேசக்கூட நேரம் கிடைக்காது, அன்றைக்கு வாரச்சந்தை. தேங்காய் விற்க வந்தவர், மாடு பிடிக்க வந்தவர் எல்லாரும் வந்த வேலையோடு வேலையாக, பட்டா, ஆதார், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று மஞ்சள் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டுவார்கள். தாலுகா ஆபீஸ் இருக்கிற ஊர். 'ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு வாங்க' என்ற வார்த்தையைக் கேட்காமல் அங்கே ஒரு காரியமும் முடிந்ததில்லை. அரசு மகளிர் கலை அறிவியல் கல்லூரி வந்த பிறகு அசைன்மென்ட், புராஜெக்ட், ஹால் டிக்கெட், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் என்று காகிதத் தேவை இன்னும் கூடிவிட்டது.

இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் அந்த வீட்டு அம்மாவுக்கு யோசனை வந்தது. கணவருக்குத் தோப்பு தோப்பாகப் போய்த் தேங்காய் பிடிக்கிற வேலை. அவர் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். மகள் பி.காம். இரண்டாம் வருடம், மகன் ஏழாவது. கூடவே மாமியார், பிள்ளைகளுக்கு ஆயா. மகளின் தோழிகள் ராத்திரி எட்டரைக்குமேல் போன் செய்து, 'கடையெல்லாம் சாத்திட்டாங்கடி, நாளைக்குக் காலையில சப்மிட் பண்ணணும்' என்று புலம்புவதைப் பல நாள் கேட்டிருக்கிறார். சீட்டு எடுத்த பணத்தில் 4,200 ரூபாய்க்கு ஒரு பிரிண்டர் வந்தது. கலர் பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றும் செய்யும் இயந்திரம். இத்தனை வேலை செய்கிற பொருள் ஒரு நல்ல மிக்ஸியின் விலைக்குக் கிடைக்கிறதே என்று வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம். ஆச்சரியத்தோடு கொஞ்சம் சந்தேகமும் பட்டிருக்கலாம். ஆயா மட்டும்தான் பட்டார். "இவ்வளவு மலிவா எவன் குடுப்பான்?"

வாசலில் மகன் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய அட்டை தொங்கியது. கருப்பு வெள்ளை மூன்று ரூபாய், கலர் பத்து ரூபாய். முதல் மாதம் நல்ல வரும்படி. சில்லறையெல்லாம் தையல் காசு போடுகிற அதே எவர்சில்வர் டப்பாவில் விழுந்தது. பிரிண்டர் போட்ட பணம் மூன்று மாதத்தில் திரும்பிவிடும் என்றுதான் அவர் கணக்குப் போட்டார். பெட்டியோடு வந்த மைக்குத் தனியாகக் காசு கொடுக்கவில்லை என்பது அந்தக் கணக்கில் இல்லை.

மை தீர்ந்ததும் கணவர் தர்மபுரி போனபோது வாங்கி வந்தார். கருப்பு கார்ட்ரிட்ஜ் 750 ரூபாய், கலர் 950. அது டப்பாவிலிருந்து போகவில்லை, அவருடைய சட்டைப் பையிலிருந்து போனது. அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. நட்டத்தை மறைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. வரவு தினமும் சில்லறையாக வந்து கலகலவென்று சத்தம் போடுகிறது. செலவு மாதத்துக்கு ஒருமுறை, வேறு ஆள் கையால், வேறு ஊரில், சத்தமில்லாமல் நடக்கிறது.

கண்டுபிடித்தது மகள். கல்லூரியில் அடக்கவிலைக் கணக்கு நடத்திக்கொண்டிருந்த சமயம். ஒரு நோட்டில் மூன்று மாதம் எழுதிவந்தாள். பெட்டியில் வந்த மை தீர்ந்த பிறகு கருப்பு கார்ட்ரிட்ஜ் மூன்று வாங்கியாகிவிட்டது, 2,250 ரூபாய். அட்டையில் ஒன்றுக்கு 120 பக்கம் என்று போட்டிருந்தது, வந்தது சராசரியாக 108. ஆக 324 பக்கம். மைக்கு மட்டும் பக்கத்துக்கு ஏழு ரூபாயை ஒட்டி. 500 தாள் கட்டு 280 ரூபாய், தாளுக்கு 56 பைசா. மொத்தம் ஏழரை ரூபாய். விற்றது மூன்று ரூபாய்க்கு. கலரில் இன்னும் மோசம். இரண்டு கார்ட்ரிட்ஜுக்கு 1,900 ரூபாய் கொடுத்து, விற்றது அறுபதே பக்கம். மூன்று மாதத்தில் 2,793 ரூபாய் கையைவிட்டுப் போயிருந்தது. பிரிண்டர் வாங்கிய 4,200 இதில் சேராது, கரண்டும் சேராது.

"அம்மா, ஒரு பக்கம் விக்கிறப்ப எல்லாம் நாலரை ரூபா நம்ம கையில இருந்து போகுது. கூட்டம் கூடுனா நட்டமும் கூடும்" என்றாள் மகள். அவர் நம்பவில்லை. டப்பாவைக் கொண்டுவந்து கொட்டிக் காட்டினார். அதில் தையல் காசும் இருந்தது.

கடைவீதியில் இருப்பவர் மட்டும் எப்படி இரண்டு ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் கொடுத்து, வாடகையும் கட்டி, கடையும் நடத்துகிறார்? அவரிடம் இருப்பது வேறு சாதி இயந்திரம். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் எந்த பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தாலும் மூலையில் பழுப்பேறிய ஒரு சின்ன லேசர் பிரிண்டர் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் ஹெச்.பி.யின் பழைய லேசர்ஜெட் வகை. அதற்குப் போடுகிற கார்ட்ரிட்ஜின் பெயர் 12ஏ. கடைக்காரர்கள் மாத்திரை பெயர் சொல்வதுபோல 'ட்வெல் ஏ' என்பார்கள். கம்பெனிக் கணக்குப்படி அது 2,000 பக்கம் ஓடும். அதைவிட முக்கியம், தீர்ந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை. பைக்கில் வருகிற ஒரு பையன் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, பழைய தூளைத் தட்டி, டப்பாவிலிருந்து புதிய கருப்புத் தூளைக் கொட்டி மூடிக் கொடுத்துவிட்டுப் போவான். கூலியோடு 250 ரூபாய் என்று வைத்தால், ஆயிரத்து ஐந்நூறு பக்கம் வந்தாலும் பக்கத்துக்கு 17 பைசா. தாளையும் சேர்த்து முக்கால் ரூபாய்க்குள் அடங்கிவிடும். அவ்வப்போது டிரம் மாற்றுகிற செலவைச் சேர்த்தாலும் ஒரு ரூபாயைத் தாண்டாது. மூன்று ரூபாய் வாங்கும் கடைக்காரர் கொள்ளையடிப்பதாக நினைத்துத்தான் பலபேர் வீட்டுக்குப் பிரிண்டர் வாங்குகிறார்கள். வீட்டில் அதே பக்கத்துக்கு ஏழரை ரூபாய் கொடுக்கிறோம் என்பது தெரியாமலே போகிறது.

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்பார்கள். இங்கே நடப்பது அதன் இன்னொரு பக்கம். யானையை ஏறக்குறைய சும்மா கொடுத்துவிட்டு, தீனியை மட்டும் தன் கடையிலேயே, தான் சொன்ன விலைக்கே வாங்கவேண்டும் என்கிற வியாபாரம். சவர ரேசரை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிப்பதற்கு இதை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் ரேசருக்கு வேறு கம்பெனி பிளேடு கிடைக்கும், அதுவும் மூஞ்சியைப் பார்த்து, 'இது எங்கள் பிளேடு இல்லை' என்று சவரம் செய்ய மறுப்பதில்லை.

பிரிண்டர் மறுக்கும். கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குச் செப்பு நிறத்தில் ஒரு சில்லு இருக்கிறது. எவ்வளவு மை செலவாயிற்று என்று கணக்கு வைப்பதாகச் சொல்லிக்கொள்ளும் அந்தச் சில்லுதான் வாசலில் நிற்கிற காவல்காரனும். 2016 செப்டம்பர் 13-ஆம் தேதி உலகம் முழுக்கப் பல ஹெச்.பி. பிரிண்டர்கள், அதுவரை ஒழுங்காக ஏற்றுக்கொண்ட வேற்றுக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென்று மறுத்தன. முன்பே பிரிண்டருக்குள் அனுப்பப்பட்டிருந்த மென்பொருள், நாள் பார்த்து விழித்துக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அந்தத் தடையை நீக்கும் மென்பொருளைத் தருவதாக நிறுவனம் சொன்னது. இதுபோன்ற கட்டுப்பாடுகளை வாங்குபவருக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. இதே நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி என்ரிக்கே லோரஸ் 2024 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். பிரிண்டர் வாங்குகிற வாடிக்கையாளர் என்பவர் நிறுவனம் போடும் முதலீடு. அவர் போதுமான அளவு பிரிண்ட் எடுக்காவிட்டாலோ, நிறுவனத்தின் மையை வாங்காவிட்டாலோ அது மோசமான முதலீடு என்பது அவர் சொன்னதன் சாரம். பிரிண்டரை வாங்கியவர், தான் ஒரு பொருளை வாங்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். விற்றவர், வாங்கியவர்மீது பணம் போட்டிருப்பதாக நினைக்கிறார்.

நீதிமன்றம் வரை போய் ஜெயித்தவர்களும் உண்டு. லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனம், காலியான டோனர் கார்ட்ரிட்ஜைத் தன்னிடமே திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு கொஞ்சம் விலை குறைத்து விற்றுவந்தது. காலி டப்பாக்களை வாங்கி, தூள் நிரப்பி விற்ற இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்ற சின்ன நிறுவனத்தின் மீது காப்புரிமை வழக்குப் போட்டது. 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு பொருளை விற்ற அந்தக் கணமே அதன் மீதான காப்புரிமைப் பிடி முடிந்துவிடுகிறது என்று தீர்ப்புச் சொன்னது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் சட்டம் திறந்துவிட்ட கதவை அந்தக் குட்டிச் சில்லு சாத்திவைக்கிறது.

அந்தச் சில்லுக்கே ஒரு சோதனை வந்தது. கொரோனாவுக்குப் பிறகு உலகம் முழுக்கச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு. கேனன் நிறுவனத்துக்குத் தன் அலுவலகப் பிரிண்டர்களின் டோனர் டப்பாக்களில் பதிக்கச் சில்லு கிடைக்கவில்லை. சில்லு இல்லாத அசல் டப்பாவைப் போட்டால் பிரிண்டர் எச்சரிக்கை காட்டும். அதனால் 2022 தொடக்கத்தில், அந்த எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போவது எப்படி என்று ஜெர்மனியில் நிறுவனமே வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. சில்லு இல்லாவிட்டாலும் பிரிண்டர் ஓடியது.

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடவேண்டும். இந்த வகைப் பிரிண்டர்களில் மை மட்டுமல்ல, மையைத் துப்புகிற தலையும் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய துளைகள், ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குட்டிச் சூடேற்றி. கணநேரம் சூடாகிறது, மையில் ஒரு குமிழி கிளம்புகிறது, அது ஒரு துளியைத் தாளின் மேல் தள்ளுகிறது. 1977-இல் கேனன் ஆராய்ச்சிக்கூடத்தில், மை நிரப்பிய ஊசியின் முனையில் சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட்டு, மை பீய்ச்சியடித்ததிலிருந்து இந்த யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில் ஹெச்.பி.யும் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்து, 1984-இல் திங்க்ஜெட் என்ற பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறை கார்ட்ரிட்ஜ் மாற்றும்போதும் புதுத் தலையும் சேர்ந்தே கிடைக்கிறது. பல வருட ஆராய்ச்சிச் செலவும் அதில் அடக்கம். விலை கூடுவதற்கு அது ஒரு காரணம்தான். ஆனால் சின்னக் கார்ட்ரிட்ஜில் இருப்பது சில மில்லி மை. 5 மில்லி என்று வைத்துக்கொண்டால்கூட 750 ரூபாய் விலைக்கு லிட்டர் ஒன்றரை லட்சம் ஆகிறது. மல்லிப்பூ விலை ஏறிவிட்டதென்று முகூர்த்த நாளில் மனம் நொந்துகொள்கிற ஊருக்கு இது கொஞ்சம் அதிகம்.

விலையை நேராக்க முயன்றவரும் உண்டு. 2007-இல் கோடாக் நிறுவனம், பிரிண்டரைச் சற்றுக் கூடுதல் விலைக்கு விற்று மையை மலிவாகக் கொடுக்கும் திட்டத்தோடு களத்தில் இறங்கியது. பக்கத்துக்கு என்ன செலவு என்று பாருங்கள் என்பதுதான் விளம்பரமே. மக்கள் பார்க்கவில்லை. கடையில் நிற்கும்போது கண்ணில் படுவது பிரிண்டரின் விலைச்சீட்டு மட்டும்தான். கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டது, அதே ஆண்டில் வீட்டு பிரிண்டர் விற்பனையையும் கைவிடுவதாக அறிவித்தது. அதற்கு ஃபிலிம் ரோல் வியாபாரம் படுத்தது உள்பட ஆயிரம் காரணம் இருந்தது. மலிவான மை மட்டும் அதைக் காப்பாற்றப் போதவில்லை.

காரிமங்கலம் வீட்டுக்குத் திரும்பினால், மகளை உறுத்தியது அந்த 120-க்கும் 108-க்கும் உள்ள வித்தியாசம். அட்டையில் பொய்யா போட்டிருக்கிறார்கள்? பொய் இல்லை. ஐ.எஸ்.ஓ. 24711 என்ற சர்வதேசத் தர அளவுப்படி, ஒரு குறிப்பிட்ட மாதிரிப் பக்கத் தொகுப்பை நிறுத்தாமல் திரும்பத் திரும்ப அடித்து எண்ணிய எண் அது. வீட்டில் யாரும் அப்படி அடிப்பதில்லை. திங்கள் இரண்டு பக்கம், வியாழன் மூன்று பக்கம். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று என்னவோ செய்கிறதே, அப்போது துளைகளைச் சுத்தம் செய்யக் கொஞ்சம் மையைத் துப்பிக்கொள்கிறது. காசு கொடுத்து வாங்கிய மையில் ஒரு பங்கு தாளைப் பார்க்காமலே போகிறது. எழுத்து விட்டுவிட்டு விழுகிறதென்று 'கிளீனிங்' பட்டனை அழுத்தினால் இன்னும் நிறையப் போகும். ஒருநாள் கோடு கோடாக வந்ததற்கு அந்தப் பட்டனை நாலு தரம் அழுத்தியிருக்கிறார் அம்மா. அழுக்குத் துணியை நாலு தரம் அலசுவது மாதிரிதானே என்று.

மை பெரும்பாலும் தண்ணீர். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு மேஜைமேல் இரண்டு வாரம் சும்மா கிடந்தால் துளையில் காய்ந்துவிடும். கோடை விடுமுறையில் கல்லூரி மூடியிருந்தபோது அதுதான் நடந்தது. புதிதாகப் போட்ட கலர் கார்ட்ரிட்ஜில் பாதிகூடச் செலவாகாமல் சிவப்பு நின்றுபோனது. இந்தக் கலர் கார்ட்ரிட்ஜில் சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் ஒரே டப்பாவுக்குள் மூன்று அறைகளில் இருக்கின்றன. ஓர் அறை காலியானாலோ காய்ந்தாலோ மற்ற இரண்டும் சேர்ந்து போகவேண்டியதுதான். அதற்கு முந்தைய கார்ட்ரிட்ஜில் தீர்ந்தது மஞ்சள். மஞ்சள் நீராட்டு விழா அழைப்பு ஒன்று, முழுப் பக்கத்துக்கும் மஞ்சள் பின்னணி, இருபது பிரதி. பக்கத்துக்குப் பத்து ரூபாய் வாங்கியதை நினைத்து அன்றைக்கு அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

பிரிண்டரை அணைப்பதிலும் விஷயம் இருக்கிறது. சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டக்கூடாது. பிரிண்டரில் இருக்கும் பட்டனை அழுத்தி அணைத்தால்தான் தலை ஓரமாகப் போய் மூடிக்குள் உட்காரும். நடுவழியில் கரண்டைப் பிடுங்கினால் திறந்தபடியே நின்று சீக்கிரம் காயும். ராத்திரி எல்லா சுவிட்சையும் வரிசையாக அணைத்துவிட்டுப் படுக்கிற நல்ல பழக்கம், இந்த ஒரு பொருளுக்கு மட்டும் ஆகாது. அந்த வீட்டில் அணைத்துவந்தது ஆயா. அவரிடம் சொன்னபோது, "ஒரு மிசினு தூங்கறதுக்குக்கூட முறை வெச்சிருக்கா?" என்று கேட்டார்.

கணக்குத் தெரிந்ததும் முதலில் முயன்றது ஊசி. பக்கத்துத் தெரு பையன் ஒருவன் சொல்லிக்கொடுத்தபடி, கார்ட்ரிட்ஜின் மேல் ஸ்டிக்கரை உரித்து, துளைக்குள் சிரிஞ்சால் மலிவு மையைச் செலுத்தினார்கள். முதல் தடவை அருமையாக வந்தது. இரண்டாம் தடவை தைக்க வந்திருந்த பட்டு ஜாக்கெட் துணியில் நாலு சொட்டு. அந்தத் துணிக்குக் கொடுத்த பணத்தில் கம்பெனி மையே வாங்கியிருக்கலாம். ஊசியில் பிறந்த தொழில்நுட்பம் என்பதால் ஊசிக்கே திரும்புவது பொருத்தம்தான், ஆனால் தையல் மிஷின் இருக்கிற அறையில் அதைச் செய்யக்கூடாது.

சிரிஞ்சோடு போராடியவர்கள் உலகத்தில் நிறையப் பேர். அந்தப் போராட்டம் ஒரு நல்ல முடிவையும் கொடுத்திருக்கிறது. ஆசிய நாடுகள் பலவற்றில் கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே மைப் புட்டிகளை ஒட்டி, பிளாஸ்டிக் குழாய் வழியாக உள்ளே ஓடவிடும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். பார்க்க ஆஸ்பத்திரிப் படுக்கையில் டிரிப்ஸ் ஏற்றுவதுபோல இருக்கும். சென்னை ரிச்சி தெருவிலும் அந்தக் குழாய் செட்டுகள் விற்றன. இதைத் தடுத்துப் பயனில்லை என்று புரிந்துகொண்ட எப்சன், 2010-இல் இந்தோனேசியாவில், தானே தொட்டி வைத்த பிரிண்டரை விற்பனைக்கு விட்டது. பிறகு இந்தியா உள்பட மற்ற நாடுகளுக்கும் வந்தது. 2015, 2016 வாக்கில் கேனன், ஹெச்.பி. நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன. கம்பெனிகள் தாமாக இரங்கி வந்த வழி இல்லை அது, கடைத்தெருவில் ஸ்குரூடிரைவர் வைத்திருந்தவர்கள் இழுத்துவந்தது.

தொட்டி பிரிண்டரில் கணக்கே மாறிப்போகிறது. எப்சனின் 003 என்ற 65 மில்லி கருப்பு மைப் புட்டிக்கு நிறுவனம் சொல்லும் அளவு 4,500 பக்கம். புட்டி 350 ரூபாய் என்று வைத்தால் பக்கத்துக்கு எட்டு பைசா. கார்ட்ரிட்ஜில் ஏழு ரூபாய், தொட்டியில் எட்டு பைசா. இடையில் வித்தியாசம் இவ்வளவு இருக்க, இன்னும் ஏன் கார்ட்ரிட்ஜ் வகை விற்கிறது? தொட்டி வகைக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாயை ஒட்டிக் கொடுக்கவேண்டும், நாலாயிரம் கண்ணுக்குக் குளிர்ச்சி. அதோடு, தொட்டி வகைகள் பலவற்றில் தலை பிரிண்டரோடு நிரந்தரமாக இருக்கிறது. காய்ந்து அடைத்துக்கொண்டால் புதுக் கார்ட்ரிட்ஜ் மாட்டித் தப்பிக்க முடியாது, மெக்கானிக்குக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கவேண்டும். சுத்தம் செய்யும்போது கழியும் மையைப் பிடித்துவைக்க உள்ளே ஒரு பஞ்சு இருக்கிறது. அது நிறைந்துவிட்டதாக எண்ணிக்கை காட்டினால் சில பிரிண்டர்கள் அப்படியே நின்றுவிடும். பஞ்சை மாற்றி எண்ணிக்கையைப் பூஜ்யமாக்க வேண்டும்.

மகள் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கிக் கணக்குப் போட்டாள். வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றால் மாதம் 20 பக்கம். தொட்டி பிரிண்டரில் தாளோடு சேர்த்து 64 பைசா, கடையில் மூன்று ரூபாய், பக்கத்துக்கு மிச்சம் இரண்டு ரூபாய் 36 பைசா. பன்னிரண்டாயிரம் ரூபாயை மீட்க ஐயாயிரத்துக்கும் மேல் பக்கம் அடிக்கவேண்டும். மாதம் இருபது என்ற வேகத்தில் 21 வருடம் ஆகும். அதாவது மாதம் இருபது முப்பது பக்கம் எடுக்கிற வீடு எந்த பிரிண்டரும் வாங்காமல் கடைக்கு நடந்துபோவதுதான் லாபம். விளம்பரங்களில் இந்த வழியைச் சொல்ல யாருக்கும் காசில்லை. அதோடு, எடுக்காமலே விடக்கூடிய பிரிண்ட்டுகளும் இன்று நிறைய. ரயில் டிக்கெட்டுக்கு மொபைலில் வந்த செய்தியே போதும். லைசென்ஸும் மார்க் ஷீட்டும் டிஜிலாக்கரில் இருக்கின்றன. ஆனாலும் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருப்பவர் 'காப்பி வேணும்' என்றால் அங்கே வாதம் செய்ய யாருக்குத் தெம்பிருக்கிறது!

விற்பதற்கு என்றால்? அந்த வீட்டின் இப்போதைய வியாபாரம் மாதம் 108 பக்கம். தொட்டி பிரிண்டர் வாங்கினால் மாதம் 255 ரூபாய் மிஞ்சும், போட்ட பணம் திரும்ப நாலு வருடம். பழைய லேசர் ஒன்று கைமாற்றாக 4,500 ரூபாய்க்கு வந்தது. தாள், தூள் எல்லாம் சேர்த்து எண்பது பைசா என்று தாராளமாக வைத்தாலும் 19 மாதத்தில் பணம் திரும்பும். தூள் காயாது. ஆறு மாதம் கழித்துப் போட்டாலும் முதல் பக்கமே பளிச்சென்று வரும். கலர் மட்டும் வராது.

மகளுக்கு இன்னொன்றும் தோன்றியது. "நம்மகிட்ட வர்றவங்க பேப்பருக்காக வர்றதில்லம்மா. ராத்திரி ஒன்பது மணிக்கு வேற கடை இல்லன்னு வர்றாங்க. அஞ்சு ரூபா வை." ஐந்து ரூபாயென்றால் பக்கத்துக்கு நாலு ரூபாய் இருபது பைசா நிற்கும், பத்தே மாதத்தில் லேசரின் பணம் வந்துவிடும். அம்மாவுக்கு அது மனசாகவில்லை. "காலேஜுக்குப் படிக்க வர்ற புள்ளைங்க. அதுல பாதி பஸ்ஸுக்கே எண்ணி எண்ணிக் காசு எடுத்துட்டு வருது. அதுங்ககிட்ட எப்படி அஞ்சு கேக்கறது?" இரண்டு நாள் இந்தப் பேச்சு ஓடியது. கணவர் தலையிடவில்லை. தேங்காய் விலை சொல்வதில் அவருக்கு இல்லாத தயக்கம் இதில் இருந்தது. கடைசியில் ராத்திரி எட்டு மணிவரை மூன்று, அதற்குமேல் நாலு என்று முடிவானது. லேசர் வந்தது. காசுக்குத் தனி டப்பா வந்தது. தூளும் தாளும் இனி அந்த டப்பாவிலிருந்துதான் வாங்கவேண்டும் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முதல் மாதக் கணக்கு எழுதியபோது எல்லாச் செலவும் போக 260 ரூபாய் இருந்தது. ஒரு ஜாக்கெட் தையல் கூலியை ஒட்டிய காசு. அதை இரண்டு தடவை எண்ணினார் அம்மா.

காலி கார்ட்ரிட்ஜ்கள் ஜன்னல் கட்டையில் வரிசையாக இருந்தன. மண்ணில் வீசக்கூடாது. மின்னணுக் கழிவு விதிகளில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் பட்டியலில் இருக்கிறது. பழுதில்லாத காலி டப்பாக்களை வாங்கிக்கொள்கிற ரீஃபில் கடைகள் பெரிய ஊர்களில் உண்டு. தேங்காய் லோடு போகும்போது கொண்டுபோய்க் கொடுப்பதாகக் கணவர் சொல்லியிருக்கிறார். மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பழைய பிரிண்டரை விற்கப் பார்த்தார்கள், கேட்ட விலை சொல்லும்படி இல்லை. ஸ்கேன் எடுக்க உதவட்டும் என்று வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கலர் மை காய்ந்துவிடாமலிருக்க வாரம் ஒருமுறை மூன்று நிறமும் படுகிற மாதிரி ஏதாவது ஒன்றை அடிக்கவேண்டும். அந்த வேலை மகனுடையது. என்ன படம் என்று முடிவு செய்வது ஆயா. போன ஞாயிறு பிள்ளையார், அதற்கு முந்தின ஞாயிறு முருகர். பெரிதாகப் போடச் சொல்லி அவர் எவ்வளவு கேட்டும் தபால்தலை அளவுக்கு மேல் போட மகள் விடுவதில்லை.